தலை போன போல்ட்

எங்க வீட்டுக்காரருக்கு வேலையே போல்ட் முடுக்குறதுதான். ஒரகடத்துல ஒரு கார் கம்பெனியில, லைன்ல. மேலேயிருந்து தொங்குற முடுக்குற மெஷினை, 'கன்'னும்பாங்க, போல்ட் மேல பிடிச்சு வச்சா அது தானா சுத்தும். எவ்வளவு போதும்னு அதுக்கே தெரியும். டிக்குன்னு நின்னு பச்சை லைட் எரியும், அடுத்த வண்டி வந்துரும். வருஷக்கணக்கா அப்படிப் பழகின மனுஷன் எங்க சொந்தக் காரோட போல்ட்டை உடைச்ச கதையைச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அது நாங்க யார்கிட்டயோ வாங்கின பழைய சின்னக் கார். ஊர் சுத்த வாங்கலை. எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் தயாரிக்கிற கம்பெனியில காலை ஷிப்ட், அவருக்கு மத்தியான ஷிப்ட். நான் விடியுமுன்ன பஸ் ஏறும்போது அவர் தூங்குவார். அவர் ராத்திரி வந்து இறங்கும்போது நான் படுத்திருப்பேன். ஞாயித்துக்கிழமையும் அவருக்கு ஓ.டி.ன்னு கூடுதல் வேலை. ஆக, இருங்காட்டுக்கோட்டையில ஒரே ரூமுக்கு வாடகை கொடுத்துட்டு ரெண்டு பேரும் முகம் பாக்கிறதே கார்லதான். நான் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துக்கு கேட்டுக்கு எதிர்ல காரோட நிப்பார். ஒரகடம் வரைக்கும் ஒண்ணா போவோம். அவர் இறங்கி உள்ள போனதும் நான் காரை ரூமுக்கு ஓட்டிட்டு வந்துருவேன். அந்த ரோட்டுத் தூரம்தான் எங்க குடித்தனம்.

பேச வேண்டியதை அவசரமாப் பேசி முடிச்சதும் எனக்குப் பாதித் தூக்கம். கண்ணாடியை இறக்கி விட்டா ஏரிக் காத்து முகத்துல அடிக்கும். மழைக்காலத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணி, தண்ணிக்குள்ள பனை மரம், அதுக்கும் பின்னால கம்பெனிக் கூரைங்க மிதக்கிற மாதிரி இருக்கும். புதுக் காருங்களை அடுக்கிக்கிட்டு டிரெய்லர் எங்களைத் தாண்டிப் போகும். அவர் பேசிக்கிட்டே வருவார், அந்தப் பேச்சு தூரத்துல யாரோ பாடுற மாதிரி காதுல விழும். எனக்கு அது போதும், வேற ஒண்ணும் கேக்கலை.

ஒருநாள் காலையில நான் வேலைக்குப் போன பிறகு, இன்ஜின் மேல தண்ணிக் குழாயைப் பிடிச்சிருக்கிற மூடியில கசியுதுன்னு இவரே ஸ்பேனரை எடுத்திருக்கார். முடுக்கினார், முடுக்கினார், முடுக்கிக்கிட்டே இருந்திருக்கார். போல்ட் தலை கையோட வந்துருச்சு. மத்தியானம் கேட்டுக்கு எதிர்ல காரைக் காணோம். கம்பெனி பஸ்ல ஏறிப் போன் பண்ணினா, "இன்னாமா பண்றது, சத்தமே வர்ல. நிக்கும் நிக்கும்னு பாத்துக்கினே இருந்தேன்"ங்கிறார்.

"ஏங்க, அது என்ன உங்க லைனா? சாதா ஸ்பேனர் எங்கயாவது டிக்குங்குமா?" நான் போட்ட சத்தத்துல பஸ்ல இருந்த, கூட வேலை பாக்கிற புள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாத்துச்சுங்க.

அந்த வாரம் இருக்கே, யாருக்கும் வரக் கூடாது. ஷிப்ட் நேரத்துல ரெண்டு பேர் போனும் செக்யூரிட்டிகிட்ட இருக்கும். அவர் வச்சிட்டுப் போன சாம்பாரை நான் சாப்பிடுவேன், நான் மடிச்சு வச்ச சட்டையை அவர் போடுவார். பேய் கூடக் குடித்தனம் பண்ற மாதிரி இருந்துச்சு. மெக்கானிக் வந்து பாத்துட்டு, "உள்ள துரு புடிச்சிகீது சார். இன்ஜின் ஹெட்டையே கழட்டணும். இந்த வண்டிக்கு அவ்ளோ செலவு பண்ணாத, பழைய இரும்புக்குப் போட்டுடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். வேற கார் வாங்க எங்களால ஆகாது. அந்த மத்தியானம் இனி இல்லை.

ஞாயித்துக்கிழமை அவர் ஓ.டி.யை விட்டார். ரூமுக்குப் பக்கத்துக் காலி மனையில பானெட்டைத் தூக்கி வச்சு ரெண்டு பேரும் குனிஞ்சோம். மூடியை எடுத்தா, தலையில்லாத போல்ட் விரல் நுனியளவு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. கீழ் வீட்டு ஏ.சி. மெக்கானிக்கோட கேஸ் டார்ச்சை வாங்கிச் சுத்திச் சூடு காட்டினார். நான் துரு விடுற எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சேன். அப்புறம் கிரிப் பிளையரால கவ்வித் திருப்பினா அசையவே மாட்டேங்குது. இழுத்து முறிச்சா இதுவும் போச்சு. மறுபடி சூடு, மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு.

காத்திருக்கும்போதுதான் ஒண்ணு புரிஞ்சுது. பழக்கதோஷத்துல ரெண்டு பேரும் அவசர அவசரமாப் பேசினோம். சூப்பர்வைசர், தண்ணி மோட்டார், அவரோட அக்கா மகள் வளைகாப்பு எல்லாத்தையும் ஒரகடம் போற நேரத்துக்குள்ள முடிச்சிட்டோம். அப்புறம் பேச ஒண்ணுமில்லை. வெயில் மட்டும் மெதுவா நகந்துச்சு. பக்கத்து மனையில மாடு அசை போட்டுச்சு. சூட்டுல எண்ணெய் புகையற வாசத்தோட அவர் தோள்ல சாஞ்சு உக்காந்திருந்தேன். அவசரமில்லாம அவர் பக்கத்துல இருந்து எத்தனை நாளாச்சுன்னு தோணுச்சு.

"அவ்ளோ இறுக்கினது ஏன் தெரியுமா?"ன்னார் திடீர்னு. "கசிஞ்சா வண்டி நின்னுடும். வண்டி நின்னா உன்ன எங்க பாக்கறது? அந்த பயம்தான்."

நான் ஸ்ப்ரேயை எடுத்து இன்னொரு தடவை அடிச்சேன்.

வெயில் தாழ்ந்த நேரம் பிளையர் லேசா அசைஞ்சுது. வழுக்குதோன்னு நினைச்சேன். இல்லை, போல்ட்தான். "இழுக்காதீங்க, திரும்ப அந்தப் பக்கம் கொஞ்சம்"னு கத்தினேன். முன்னயும் பின்னயுமா ஆட்டி ஆட்டி, துருத் தூள் உதிர உதிர முழுசா வந்துருச்சு. உள்ள மரை சேதமில்லை. புது போல்ட்டை அவர் முடுக்கும்போது, "போதும், விடுங்க"ன்னு நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். இன்ஜின் சூடேறியும் ஒரு சொட்டு கசியலை. அந்தாளு போட்ட ஆட்டத்தைப் பாக்கணுமே!

இருட்டுறதுக்குள்ள ஒரு சுத்து ஓட்டிப் பாத்தோம். போக ஒரு இடமும் இல்லை, அதே ரோடுதான். ஏரிக்கரை ஓரமா நிறுத்தச் சொன்னேன். அங்க வச்சுத்தான் கேட்டுட்டேன்.

"ஏங்க, ராத்திரி நீங்க வரும்போது நான் தூங்கிட்டா இருக்கேன்னு நினைக்கிறீங்க?"

"தூங்கலையா?"

"நீங்க வராம எனக்கு என்னைக்குத் தூக்கம் வந்துச்சு? கண்ணைத் தொறந்தா நீங்க உக்காந்து பேச ஆரம்பிச்சுருவீங்க, உங்க தூக்கம் கெட்டுரும். அதான் மூடிக்கிட்டுக் கிடப்பேன்."

அவர் இன்ஜினை அணைச்சுட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ முழிச்சிடப் போறியேன்னு, நான் செருப்ப மாடிப்படிக்குக் கீழயே கழட்டி கையில எடுத்துக்கினு வரேன், அடிப்பாவி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. "எழுப்புங்க"ன்னேன். "காரு ஓடுதோ ஓடலையோ, வந்ததும் என்னை எழுப்புங்க."