கல்வத்தில் இடித்த மாத்திரை

"இந்த மருந்துக்கும் கேக்கலைன்னா மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதணும். பெருங்குடலை வெட்டி எடுத்துடுவாங்க" என்றார் டாக்டர். முத்தையா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் மனைவி பொன்னம்மா பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அன்னவாசல் பக்கம் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். பொன்னம்மாவுக்கு நாலு மாதமாக ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. சீதபேதி மருந்து எதற்கும் நிற்கவில்லை. குடலில் புண் என்று கண்டுபிடித்து, டாக்டர் மெட்ராஸிலிருந்து புது மாத்திரை வரவழைத்துக் கொடுத்தார். மூன்று வாரமாகியும் பலனில்லை. மாத்திரை சாப்பிட்டதும் வாந்தி வேறு.

"மிச்சம் மாத்திரை இருக்காம்மா? எடு, பாப்போம்" என்றார் டாக்டர்.

அவள் மடியிலிருந்து நாலு காகிதப் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் ஒன்றைப் பிரித்தார். மஞ்சள் பொடி.

"யாரு நுணுக்குனது? வீட்டுல அம்மியில வச்சு அரைச்சியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள் போலும். ஒரு மூச்சு விடும் நேரம் நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு மூச்சுக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

"நான்தான் சார் இடிச்சேன்" என்றேன்.

எங்கள் டிஸ்பென்சரி வழக்கம் அப்படி. குழந்தைகளுக்கும் கிராமத்துப் பெண்களுக்கும் விழுங்க வராது என்று மாத்திரையை முழுதாகக் கொடுப்பதில்லை. கல்வம் என்கிற மருந்து உரலில் இடித்து, சர்க்கரை சேர்த்துப் பொட்டலம் கட்டிவிடுவோம். என் பொட்டலம் பிரியாது, என் பொடி தொண்டையில் நிற்காது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. புது மாத்திரைப் பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு சீட்டு இருந்தது. முழுதாக விழுங்க வேண்டும் என்று அதில் இருந்ததைப் படித்தேன். மெட்ராஸ்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏய்யா, அந்த மேல்பூச்சு அழகுக்கா போட்டிருக்கான்? இரைப்பையில கரையாம மருந்தைக் காப்பாத்திக் குடலுக்குக் கொண்டுபோறதே அந்தப் பூச்சுதான். மணமேல்குடிக்குப் போட்ட கடுதாசியை இங்கிட்டே கிழிச்சுப்போட்ட கதையா இருக்கு. இரைப்பையில கரைஞ்சு வாந்தியா வந்துட்டா, புண்ணுக்கு என்ன போய்ச் சேரும்?"

மதுரைக்கு எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார். "இன்னும் மூணு வாரம் பாப்போம்" என்றார். இவளுடைய குடலை வெட்ட நானல்லவா பாதி வழி கொண்டுபோய் விட்டிருக்கிறேன்!

ஒரு மாத்திரையையும் தம்ளரில் தண்ணீரையும் கொண்டுவந்தேன். விழுங்குவதற்குத் தோதாக ஒரு வாழைப்பழமும் உரித்து வைத்தேன். "பயப்படாம மெதுவா முழுங்குங்க, தங்கச்சி. பழத்துக்குள்ள வச்சுத் தரட்டுமா?"

பொன்னம்மா மாத்திரையை வாங்கி வாயில் போட்டாள். தண்ணீரைத் தொடுவதற்குள் விழுங்கிவிட்டாள்.

"எனக்கு முழுங்க வராதுன்னு யாருண்ணே ஒங்களுக்குச் சொன்னது? நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே."

முத்தையா வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

முதல் வாரத்திலேயே வாந்தி நின்றது. மூன்றாம் வாரம் ரத்தம் நின்றதென்று முத்தையா தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார். நோய் அடியோடு போய்விட்டது என்று டாக்டர் ஒருநாளும் சொல்லவில்லை, மாத்திரை தொடர்ந்தது. ஆனால் மதுரைக்குக் கடிதம் போகவில்லை. அடுத்த முறை பொன்னம்மா பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சீட்டில் உள்ளதை நம் ஆட்களுக்கில்லை என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மாத்திரையைக் கல்வத்தில் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், எதிரில் நிற்கும் ஆளைக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் பொன்னம்மா மேற்கொண்டு மூன்று வாரம் வீணாக ரத்தம் சிந்தியிருக்க மாட்டாள்.