ஃபிரேமுக்கு அரைப் பளபளப்பு போதும் என்றவர்

இசக்கிமுத்து போய்விட்டார் என்பதை அவருடைய மகள் இந்தியில்தான் சொன்னாள். "அங்கிள், பப்பா நஹீ ரஹே." கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கையில் உப்புத்தாள் கட்டு. அவர் வேலைக்குத் திரும்பியதும் வேண்டியிருக்கும் என்று வாங்கியது. மூன்று வாரமாக ஆக்சிஜனோடு கிடந்த மனிதர் திரும்பி வந்து உப்புத்தாள் தேய்ப்பார் என்று நம்பியிருக்கிறேன். என் புத்தி அவ்வளவுதான்.

தாராவியில் உங்கள் எல்லோருக்கும் அவர் பெயிண்டர் இசக்கி. ஆண்டாப் ஹில்லில், பழைய கார்களைப் புதுப்பிக்கும் எங்கள் ஷெட்டில், பதினெட்டு வருஷம் நான் வெல்டிங், அவர் பெயிண்ட். ஒருமுறை நான் பற்றவைத்த ஃபிரேமில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். "பளபளப்பில்லாத மேட் அடிச்சிரு, விரிசல் தெரியாது" என்றேன். இசக்கி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "மேட்டு அடிச்சா ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓட்டுதவனுக்கு ஒருநா தெரியும்லா, அண்ணாச்சி?" திட்டிக்கொண்டே மறுபடி பற்றவைத்தேன்.

அவருடைய கணக்கு எளிது. மேட்டில் சேறு பிடித்தால் போகாது, விரிசலும் தெரியாது. முழுப் பளபளப்பில் ஒரு தூசி விழுந்தாலும் பல்லைக் காட்டும். "ஃபிரேமுக்கு அரைப் பளபளப்பு போதும். கழுவவும் செய்யலாம், கண்ணுக்கும் பொய் சொல்லாது" என்பார்.

போன வருஷம் இருமல் விடவில்லை. செம்பூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஹார்டனர் என்கிற இறுக்கும் ரசாயனம் கலந்த பெயிண்டை இனி ஒருமுறைகூட ஸ்ப்ரே செய்யக் கூடாது, செய்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னார். அதன்பிறகு இசக்கி சாதா எனாமலைப் பிரஷ்ஷால் மட்டுமே அடித்தார்.

பிறகு சான்பாடாவிலிருந்து ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். கண்காட்சியில் வண்டிக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். ஃபிரேம் முகம் தெரிகிற மாதிரி மின்ன வேண்டுமாம். ஹார்டனர் இல்லாமல் அந்தப் பளபளப்பு வராது. இசக்கியை ஒரு வார்த்தை கேட்காமல் "ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டேன். வெளியாளைக் கூப்பிட்டிருக்கலாம். எங்கள் ஷெட் வேலையில் இன்னொருவன் கைவைப்பதா என்ற வீம்பு எனக்கு.

"அரைப் பளபளப்புன்னு சொல்லிப் பாத்தியளா?" என்று கேட்டார்.

"வாக்குக் குடுத்துட்டேன், இசக்கி."

இசக்கி ஸ்ப்ரே கன்னை எடுத்தார். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். ஃபேன் ஓடினால் தெருத் தூசியை உள்ளே இழுக்கும். அதனால் ஃபேனை நிறுத்தினேன். வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு அடைத்ததும் நான்தான். உள்ளே அவரும் அந்தப் புகையும் மட்டும். இரண்டு நாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சாக்கை விலக்கினால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு வரவில்லை, முடிந்தது என்று கையை மட்டும் அசைத்தார். ஃபிரேமில் ஒரு தூசி இல்லை. நான் முதலில் பார்த்தது ஃபிரேமைத்தான். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இசக்கியின் உடலை எடுத்துப்போன அன்று, அவருடைய மனைவி மாரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "டாக்டர் சொன்னது அண்ணாச்சிக்குத் தெரியாது, தெரிஞ்சா என்னைய உள்ள விட்டுருக்க மாட்டாவன்னு ஆஸ்பத்திரில சொல்லிக்கிட்டே கெடந்தாவ. நீங்க மனசப் போட்டு அலட்டிக்கிடாதிய." நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

ஒரு விரிசலை மறைக்கச் சம்மதிக்காத மனிதர் எனக்காகச் சொன்ன பொய் அது. அவர் என்னிடம் விட்டுப்போனதும் அது ஒன்றுதான். பதினாறு நாள் வைத்திருந்தேன். இன்று காரியத்துக்கு நீங்கள் எல்லோரும் கூடியிருக்கிறீர்கள், முன்வரிசையில் தங்கச்சி மாரியம்மாள் உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சி, டாக்டர் அதைச் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் நான்தான் இருந்தேன்.