வேலியில் விடாத பொட்டு

டேனிஷ் நகரமான ஒடென்சேயில் எங்கள் தோட்டத்துண்டைச் சரியாக அளந்து வேலி அடைத்தேன். பக்கத்துத் துண்டுக்காரரும் நானும் பாவித்த தண்ணீர்க் குழாய் என் பக்கம் வந்துவிட்டது.

அவர் ஈராக்கியர். வேலியைப் பார்த்து டேனிஷில் சொன்னார்: "பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரன் கூடாரத்தில் இருந்தே பாலைவனத்தில் எல்லைக்கோடு போட்டான். எங்கள் மந்தை ஒரு பக்கம், கிணறு மறுபக்கம். ஆனால் தண்ணீருக்கு எல்லைக்கோட்டைக் கடக்கலாம் என்று அவனே எழுதியும் வைத்தான்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"எங்கட ஊரில அயல்சனம் வந்துபோகப் பொட்டு விடாமல் ஆரப்பா வேலி அடைக்கிறது?" என்றாள்.

உடனே திரும்பிப் போய் இரண்டு பலகைகளைக் கழற்றி, ஆள் நுழையும் அளவுக்குப் பொட்டு விட்டேன். அவர் வாளியோடு உள்ளே வந்தார்.

அந்த வாளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உறுத்துகிறது. வெள்ளைக்காரனுக்கு வந்த யோசனைகூட யாழ்ப்பாணத்தானான எனக்கு வரவில்லை.