நெற்றியில் பொட்டில்லாத படம்

பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று ஊர் அச்சு வைத்திருக்கிறதே, அந்த ஒவ்வொரு அச்சிலும் என்னையே நிறுத்திப் படமெடுக்க ஆரம்பித்தது போன வருடம். துடியலூர் வீட்டு மாடியறை, ஒரு டிரைபாட், கேமராவில் டைமர். காபித் தட்டோடு தலைகுனிந்த மருமகள். இடுப்பில் கைவைத்த வாயாடி. கண்ணுக்குக் கீழே ரத்தம் கட்டிய பெண்டாட்டி. எல்லாம் நானேதான். எடுத்ததை அப்படியே ஸ்டேட்டஸில் போட்டேன்.

ரத்தக்கட்டுக்குச் சாயத்தைக் குழைத்து, மெனக்கெட்டுப் பூசியிருந்தேன். பதறிப்போய் ஒருத்தராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். பல்லடத்திலிருந்து நாத்தனார் கூப்பிட்டார்.

“எந்தக் கடை மேக்கப்பு அம்மணி? அசலாட்டமே இருக்குது.”

அவ்வளவுதான். நிஜமாகவே அடிவாங்கிப் போட்டிருந்தாலும் லைக் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்தது விதவை. மாமா இறந்ததிலிருந்து என் மாமியார் வெள்ளையைத் தவிர வேறு கட்டியதில்லை. “ஒரு சேலை குடுங்கத்தை, போட்டோவுக்கு” என்றேன். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். பொட்டை எடுத்தேன், வளையலைக் கழற்றினேன், தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள் தள்ளினேன். டைமரை அழுத்திவிட்டுப் போய் நின்றேன்.

அந்தப் படத்தைப் போட்ட அன்று சாயந்திரமே நாத்தனார் காரில் வந்து இறங்கிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறான், இவ முண்டச்சி கோலத்துல போட்டோ போடறா! ஏம்புள்ள, என்ற தம்பி சாகோணுமா உனக்கு?”

அந்தக் குத்துக்கல் சோபாவை விட்டு எழவில்லை. “அழிச்சுப்போடு, எதுக்கு வம்பு” என்றார் என் கணவர், போனைப் பார்த்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு படம்தானே என்று விட்டுக்கொடுக்க முடியாது. அதை அழித்தால் மற்றதெல்லாம் வெறும் மாறுவேடப் போட்டி.

“அழிக்க மாட்டேனுங்க” என்றேன். “கண்ணுல ரத்தங்கட்டி நின்னப்ப மேக்கப்பு எந்தக் கடைன்னு கேட்டீங்க. அதுக்கு வராத பயம் இதுக்கு மட்டும் எப்படிங்க வருது?”

“அதுல ஆருக்கு என்ன கெட்டுப்போச்சு? இது வெளங்காத கோலம். இந்த மூஞ்சில முழிச்சுட்டுப் போனா ஒரு காரியம் உருப்படுமா?” என்று நாத்தனார் கத்தினார்.

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, மகளுக்காகப் போட்ட காபி கையில். நாத்தனார் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

“உங்களச் சொல்லுலீங்கம்மா.”

அத்தை டம்ளரை மேசையில் வைத்தார்.

“பின்ன ஆரச் சொன்ன கண்ணு?”

படத்தை அழி என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.