எழுத்துப் பிழைக்குள் ஒளிந்த ஜேர்மன் ஊர்கள்

மற்றவர்களின் பாட்டன் பூட்டன் பிறந்த ஊரைத் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. ஊர் கிடைக்காத நாளை விட, கிடைத்துவிட்ட நாளில்தான் எனக்குப் பயம் கூடும்.

விம்பிள்டனில், ஒரு லோண்ட்ரிக் கடைக்கு மேலே எங்கள் கந்தோர். முதலாளி ஜேனட், நான், ஒரு பழைய பிரிண்டர், அவ்வளவுதான். ஜேர்மனியில் பன்னிரண்டு வருசம் இருந்துவிட்டு லண்டன் வந்தவள் என்பதால் ஜேர்மன் கேஸ் எல்லாம் என் மேசைக்கு வரும். அந்தக் காலத்தில் இங்கே வந்து இறங்கிய ஜேர்மன்காரர் வாயால் சொன்ன ஊரை, இங்கிலீஸ் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். பிள்ளையின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று கவுன்சில் கந்தோர் வரிசையில் கால்கடுக்க நின்றவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

கின்சல்சோ

எட்மண்டனில் இருந்து டெரெக் என்பவர் வந்தார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இரண்டு கிழமையில் அவருக்கு இதய ஒப்பரேஷன். பன்றி இறைச்சிக் கடை வைத்திருந்த கொள்ளுப்பாட்டனின் ஊர், பழைய குடிசன மதிப்புப் பதிவில் 'கின்சல்சோ' என்று இருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் தேடிக் களைத்து விட்டிருந்தார்கள். "தெரியாமலே போயிடுவனோ எண்டு பயமா இருக்கு" என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதைக் கேட்டதும் அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

எட்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் அந்தச் சொல்லை வாய்விட்டு வாசித்தேன். நான் ஹைல்புரோன் பக்கம் இருந்தபோது பேக்கரியில் நின்ற பொம்பிளை 'கூ' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'கீ' என்றுதான் சொல்லுவா. அவவின் வாயால் சொல்லிப் பார்த்தேன். கூன்செல்சவ்! அந்த ஊர்த் தேவாலயப் பதிவில் கொள்ளுப்பாட்டனின் ஞானஸ்நானம், தகப்பன் பெயர், தொழில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒப்பரேஷனுக்கு மூன்று நாள் முன்னர் போனில் சொன்னேன். ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு டெரெக் சொன்னார்: "அப்ப நான் கண் முழிச்சே ஆகோணும், அந்த ஊரில ஒரு சொசேஜாவது சாப்பிட வேணுமெல்லோ."

முழித்தார், சாப்பிட்டார், படமும் அனுப்பினார்.

இல்லாத ஊர்

ஒரு பெயரை ஏன் ஏழு தரம் சரிபார்க்கிறாய் என்று ஜேனட் ஒருநாள் எரிச்சலோடு கேட்டா. அதுவரை ஒருவருக்கும் சொல்லாததை அவவுக்குச் சொன்னேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஜேர்மனியில் அகதி விசாரணை. பிறந்த இடம் சுழிபுரம் என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் ஒரு மாதிரிச் சொல்ல, டைப் அடித்தவ இன்னொரு மாதிரி அடித்தா. 'ழ'வுக்கு அந்த மெஷினில் எழுத்து ஏது? அதிகாரி அந்தத் தாளை வைத்துக்கொண்டு வரைபடத்தில் விரலால் தேடினார். மேலே போனார், கீழே வந்தார். கடைசியில் இப்படி ஓர் ஊரே இல்லை, நீ பொய் சொல்லுகிறாய் என்றார். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. பேப்பர் கேட்டு வாங்கி ரோட்டு, பள்ளிக்கூடம், கடற்கரை எல்லாம் கீறிக் கொடுத்தேன். பதினொரு கிழமை, கதவு தட்டப்படும் போதெல்லாம் கூட்டிப் போக வந்துவிட்டார்கள் என்று எழும்பி நிற்பேன். பிறகுதான் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது.

ஜேனட் தன் கொம்பியூட்டருக்குத் திரும்பி, அரைகுறையாக எழுதியிருந்த ஒரு கடிதத்தை அழித்தா. "இனி 'இப்படி ஒரு ஊர் இல்லை' எண்டு ஒருத்தருக்கும் எழுதமாட்டன், வசந்தி; 'எங்களாலை கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு' எண்டுதான் எழுதுவன்."

புரட்டாத பக்கம்

ஏழு தரம் பார்க்கிறவளுக்கும் எட்டாவது தரம் ஒன்று இருக்கிறது. மார்கரெட் என்ற ரீச்சரும் அவவின் தம்பியும், தகப்பனின் சாம்பலைப் பூர்வீக ஊரில் தூவ வேண்டும் என்று வந்தார்கள். பதிவில் 'நியூகெர்கன், ஹெசன்'. நொய்கிர்ஷன் என்ற பெயரில் ஹெசன் மாநிலத்தில் மட்டும் பல ஊர்கள். ஒன்றில் அவர்களின் கொள்ளுப்பாட்டனின் பெயரிலேயே, அதே வருசத்து ஞானஸ்நானம் கிடைத்தது. சந்தோசத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் புறப்பட்ட அன்று காலை ஃபைலைக் கட்டி வைக்கப் போனவள், சும்மா அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அது அடக்கப் பதிவு. நான் கொள்ளுப்பாட்டன் என்று காட்டிய பிள்ளை மூன்று வயதில் செத்துப்போயிருந்தது.

மார்கரெட்டுக்குப் போன் அடித்தேன், ஓஃப். திரும்ப அடித்தேன், ஓஃப். அந்த நாட்டில் நினைத்த இடத்தில் சாம்பல் தூவச் சட்டம் விடாது. இவர்கள் களவாகத்தான் தூவப் போகிறார்கள். எவனோ ஒருவனின் ஊரில், என் சொல்லை நம்பி. பின்னேரம் நாலு மணிக்கு மார்கரெட் எடுத்தா. நடந்ததை அப்படியே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பாதியை ஒரு மரத்தடியில் போட்டாயிற்றாம். தம்பி பின்னால் ஏதோ கத்துவது கேட்டது. அவனை அடக்கிவிட்டு மார்கரெட் சொன்னா: "அந்த மூண்டு வயசுப் பிள்ளைக்குப் பக்கத்தில அப்பா இருக்கட்டும், அவருக்குப் பிள்ளையள் எண்டால் உயிர், நீங்கள் மிச்சப் பாதிக்குச் சரியான ஊரைப் பாருங்கோ."

பார்த்தேன். எண்பது கிலோமீற்றர் தள்ளி இருந்தது.

அம்மாவுக்குக் கீழே

ரெய்னர்ஸ் லேனில் இருந்து வந்த ரூத்துக்கு எழுபது தாண்டியிருக்கும். அவவின் தாய் யூதப் பிள்ளை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் கழுத்தில் பெயர் அட்டை தொங்கத் தனியாக இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டவ. தாய் செத்துப்போனா, ஊரைப்பற்றி ஒருநாளும் பேசினதில்லை. இப்போது ரூத்தின் பேத்தி ஜேர்மன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறாள், ஊர்ப் பெயர் தேவை. அட்டையில் 'குரோஸ்வார்ட்டன்' என்று இருந்தது. வால் அறுந்த பெயர். குரோஸ் வார்ட்டன்பெர்க் என்று பிடிக்க ஒரு மாதம் எடுத்தது. இப்போது அது போலந்தில், வேறு பெயரோடு இருக்கிறது.

பிறப்புப் பதிவு வந்தது. தாயின் பெயருக்குக் கீழே, அதே வீட்டில், இன்னும் இரண்டு பெயர். ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. அந்த இரண்டு பேரும் வேறொரு பட்டியலிலும் இருந்தார்கள். முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்களின் பட்டியல்.

ரூத் வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா தனிப்பிள்ளை எண்டுதான் சொன்னவ" என்றா. அம்மாவுக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர் இருக்கிறது என்று சொல்லிக் கவரை மேசையில் வைத்தேன். அவ அதைத் தொடவில்லை. கோட் பட்டனைப் பூட்டிக் கழற்றிப் பூட்டினா. கீழே லோண்ட்ரி மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கதவைச் சாத்தச் சொன்னா. "ஊரின்ர பேரை எழுதித் தாங்கோ, பேத்திக்கு அது காணும், மற்ற ரெண்டு பேரையும் எனக்கு மட்டும் மெதுவாச் சொல்லுங்கோ."

இத்தனை வருசத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: பிழையாக எழுதிய கிளார்க்குகள் எல்லோரும் பென்சன் எடுத்து நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பயத்தை மட்டும் திருத்துகிறவளுக்கு விட்டுவிட்டார்கள்.