சவுட்டு

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் நேற்று அந்த வாத்து கேசட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிவி கார்ட்டூனில் வந்த ஒரு வாத்தை வைத்துச் செய்த வீடியோ கேம் அது. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், ஜப்பார் மாமாவின் டீக்கடைப் பின்னறையில், டீசல் புகையும் பால் கொதிக்கும் வாசமும் கலந்த புழுக்கத்தில், பிசுபிசுத்த பட்டன்களை அமுக்கி அமுக்கி, பள்ளி விட்டதும் நாங்கள் அதைத்தான் ஆடுவோம். வாத்து குதித்து நரியின் தலையை மிதிக்க வேண்டும். மிதிப்பதற்கு எங்கள் ஊரில் மலையாளத்திலிருந்து வந்த சொல்தான், சவுட்டு. மாமாவும் டீ ஆற்றிக்கொண்டே "சவுட்டுறா!" என்று கத்துவார்.

ஒரு நாள் மாமா கடைக்கு வெளியே நின்று "சவுட்டு! சவுட்டு!" என்று கத்தினார். நாங்களும் சிரித்துக்கொண்டே கூடக் கத்தினோம். ரிவர்ஸில் வந்த லாரிக்காரனைத்தான் அவர் பிரேக்கை மிதிக்கச் சொல்லியிருக்கிறார். சக்கரத்துக்குப் பின்னால் மாமாவின் மகள் ஷமீம் நின்றிருந்தாள். ஐந்து வயது. செத்துப்போனாள்.

கேம் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றான் டிரைவர். ஊரும் நம்பியது. கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தவனைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். கேம் பெட்டியை ரோட்டில் போட்டு உடைத்தார்கள்.

இப்போது அங்கே லாரி வரிசையும் இல்லை, கடையும் இல்லை. கடையை மூடிய அன்று மாமா என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள இருந்த உனக்கு நான் கத்துனது கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுங்க மாமா."

"உன்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க."