மேல் ஸ்டோரிலிருந்து வந்த மணி

1. தந்தி

சனிக்கிழமை வட்டகொடையில் கொடுத்த தந்தி, அட்டனில் எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை காலைதான் வந்து சேர்ந்தது. ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரம். கொடுத்தவர் நடந்தே வந்திருந்தாலும் ஞாயிறு காலையில் எங்கள் முன்னால் நின்றிருப்பார்.

“ஆபீஸ் டெலிபோனில் பேய். உடனே ஆள் அனுப்பவும்.” இவ்வளவுதான் செய்தி.

நான் அப்போது தோட்டங்களுக்கு ரேடியோவும் டெலிபோனும் பூட்டிக் கொடுக்கும் ஒரு கடையில் மெக்கானிக். ஐம்பதுகளின் பிற்பகுதி. வாரத்தில் ஐந்து நாள் பயணம்தான். தோள்பை ஒன்றில் சாமான், இன்னொன்றில் டிரை செல். பஸ்ஸில் ஏறினால் பேட்டரி வெடிக்குமா என்று கண்டக்டர் கேட்பார். முதலாளி தந்தியைப் படித்துச் சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் எங்களுக்குப் பாதி வேலை கொடுப்பதே ஈரம்தான். ஈரம் ஏறியிருக்கும், பார்த்துவிட்டு இன்றைக்கே திரும்பு, நாளைக்குப் பொல்பிட்டியப் பக்கம் போக வேண்டும் என்றார்.

வண்டி வழக்கம்போலத் தாமதம். எதிர் ஆசனத்தில் இருந்தவர் பத்திரிகையை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டு வந்தார். நான் போய்க்கொண்டிருந்த தோட்டத்தைப் பற்றித்தான் செய்தி. எப்போதோ இறந்துபோன வெள்ளைக்காரத் துரை ஒருவர் நடுச்சாமத்தில் டெலிபோனில் கூப்பிடுகிறாராம். பெட்டியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை சொல்ல ஆரம்பித்தார்கள். நான் போகுமிடத்தைச் சொல்லாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பனி மூட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

2. மணி

வட்டகொடையில் இறங்கி நாலு மைல் ஏறினேன். தோட்டத்து ஆபீஸ் வாசலில் வேலைக்குப் போகாத இருபது முப்பது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் ஆபீஸ் மேசையில் இருந்த டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விவரம் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்கியதாம். எடுத்துக் கேட்டால் ஆள் இல்லை. பங்களாவிலும் அதே மணிதான். எல்லாம் ஒரே கம்பியில் இருந்ததால், எங்கிருந்து கூப்பிட்டாலும் எல்லா இடத்திலும் அடிக்கும். பத்திரிகை சொன்னதுபோல நடுச்சாமத்தில் அல்ல. பட்டப்பகலில், வேலை நேரத்தில் அடித்தது. இப்போதைய துரையின் மனைவி, துரைசாணி, பயந்துபோய் நுவரெலியாவில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

தோட்டத்தில் மணி அடித்தால் வெடுக்கென்று அடிக்கும். இது அப்படியில்லை. ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. அரைகுறையாய் இன்னொரு தட்டு. வாசலில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். நான் எடுத்து “ஹலோ” என்றேன். மழை இரைச்சல்போல ஒரு சத்தம். அதற்கு அடியில், வெகு தூரத்தில், மூச்சு மாதிரி ஏதோ ஒன்று. ஈரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆபீஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன், கோளாறு இல்லை. பங்களாவுக்கும் போய்ப் பார்த்தேன், அங்கும் இல்லை. ஆபீஸுக்குத் திரும்பி வந்து, ரிசீவரை மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கம்பி வேறெங்கே போகிறது என்று கேட்டேன். தோட்டத்தின் மேல் டிவிஷனில் பழைய ஸ்டோர் இருக்கிறது என்றார் கிளாக்கர். தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அதை மூடி எட்டு மாதமாகிவிட்டது. போகிற வழியிலும் மண் சரிந்து கிடந்தது.

“அங்க யாரும் இல்லையா?”

“வாச்சர் சுப்பையா இருந்தான். போன மாசமே குடும்பத்தோட இந்தியாவுக்குப் போயிட்டான். செக்ரோல்ல பேரே இல்ல. நீங்க அந்தக் கம்பிய வெட்டி விடுங்க. சனங்க வேலைக்குப் போகட்டும்.”

செக்ரோல் என்றால் தோட்டத்து ஆட்களின் சம்பளப் பதிவேடு. இரண்டே முக்கால் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு. வெட்டினால் மணி நிற்கும், வேலை முடியும். ரிசீவரை இன்னும் கையில் வைத்திருந்தபடியே கிளாக்கரிடம் சொன்னேன்: “சரிங்க. இனிமே சத்தம் இருக்காது.”

ஆபீஸுக்குப் பின்னால் இருந்த கம்பத்தில் ஏறி மேல் ஸ்டோர்க் கம்பியை வெட்டினேன். கீழே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

3. ஸ்டேஷன்

இரண்டே முக்கால் வண்டி வரவில்லை. நானுஓயாவுக்கு இந்தப் பக்கம் பாதையில் மண் விழுந்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். வண்டி எப்போது வரும் என்று நான் மூன்றாம் தடவை கேட்டபோது கொஞ்சம் கோபப்பட்டார். தந்தி பிந்துகிறது, வண்டி பிந்துகிறது, பத்திரிகை பொய் எழுதுகிறது, நாட்டில் ஒன்றாவது ஒழுங்காக நடக்கிறதா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினார். நான் சும்மா அவருடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்று முறை சுழன்றது.

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

ஈரக் கம்பியில் இரைச்சல் வரும், பேச்சு மங்கும். ஆனால் அந்தக் காலத்து டெலிபோனில் மணி அடிக்க ஒரு கை வேண்டும். யாராவது கைப்பிடியைச் சுற்றினால்தான் அடிக்கும். தொழிலுக்கு வந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான். வண்டி நேரத்தை நினைத்து அதை மறந்திருந்தேன்.

பங்களாவுக்கு வெளி லைன் ஒன்று உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரைக் கெஞ்சி முயன்று பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் யாரும் எடுக்கவில்லை. ஒரு பையை அவரிடம் விட்டுவிட்டு மழையில் மறுபடி நாலு மைல் ஏறினேன். வழியெல்லாம் கம்பங்களுக்கு மேலே அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

4. பழைய ஸ்டோர்

கிளாக்கர் வர மறுத்தார். பியூன் அந்தோணி மட்டும் கழுத்துச் சிலுவையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார். மண் சரிந்த இடத்தைத் தேயிலைச் செடிகளைப் பிடித்துத்தான் கடந்தோம். நாங்கள் போய்ச் சேரும்போது மாலை ஐந்து மணி இருக்கும்.

தகரக் கட்டடம். ஒரு பக்கக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளேயும் பனி. ரோலர் மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போன இடங்களில் வெறும் போல்ட்டுகள் நின்றன. மேலே பெரிய சக்கரங்கள் அப்படியே தொங்கின. காய்ந்த கொழுந்தின் வாடை இன்னும் போகவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மணி அல்ல. கர்ர்… கர்ர்… என்று இரும்பு உராயும் சத்தம். நிற்கும், பிறகு மறுபடி வரும். அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முன்பு ஆலையை நடத்திய டீமேக்கரின் அறைத் தரையில் சாக்குகளுக்கு நடுவே ஒரு மனிதர் கிடந்தார். மேசை டெலிபோனைக் கீழே இழுத்துப் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வெட்டிப்போட்ட கம்பியில்.

“சுப்பையாண்ணே,” என்றார் அந்தோணி. “நீங்க கப்பல் ஏறலையா?”

சுப்பையா துண்டு துண்டாகச் சொன்னார். மன்னாரில் கப்பல் ஏறும் இடத்தில் காகிதத்தைப் பார்த்திருக்கிறார்கள். மனைவி மக்கள் காகிதம் சரி. அவருடையதில் அப்பா பெயர் ஒரு இடத்தில் ஒருவிதமாகவும் இன்னொரு இடத்தில் வேறுவிதமாகவும் எழுதியிருந்ததாம். அவர்களை ஏற்றிவிட்டு, திருத்திக்கொண்டு வா என்று இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கேயே மூன்று வாரம் அலைந்துவிட்டு வட்டகொடைக்கு வந்திருக்கிறார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவருடைய காம்பரா அறையில் வேறு குடும்பம் வந்துவிட்டது. யார் முகத்திலும் முழிக்க வெட்கப்பட்டு, பழகிய இடமென்று நேரே ஸ்டோருக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை படியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. பயணத்துக்குக் கொண்டுபோன பாண் ரொட்டியும், கூரையில் ஒழுகிய தண்ணீரும்தான் ஐந்து நாள் ஆகாரம்.

டெலிபோனைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே செல் செத்து உப்புப் பூத்திருந்தது. கைப்பிடிக்குச் செல் தேவையில்லை, மணி அடிக்கும். பேச்சு அனுப்பத்தான் செல் வேண்டும். ஆபீஸ் பக்கத்துப் பேச்சு ஆபீஸ் செல்லில் போவதால் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

“நான் பேசுனது உங்களுக்குக் கேக்கலைங்களா?” என்று என்னிடம் கேட்டார். “நீங்க பேசுனதெல்லாம் எனக்குக் கேட்டுச்சுங்க. பேய்னு சொன்னது. செக்ரோல்ல பேரு இல்லன்னு சொன்னது. இனிமே சத்தம் இருக்காதுன்னு சொன்னது நீங்கதானே? அந்தக் குரல்தான் இது.”

சாக்கில் அவரைக் கிடத்தி, அந்தோணி கூப்பிட்டுக்கொண்டு வந்த நாலு பேரோடு இறக்கினோம்.

5. பிறகு

அவர் பிழைத்தார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்தார். கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. போனவன் போனவன்தான் என்று கிளாக்கர் செக்ரோலில் பெயரை மறுபடி ஏற்றவில்லை. அந்தோணி தன் காம்பராவில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தார். நடந்ததைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். அவர்கள் போடவில்லை. அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரப் பேய் இருக்கிறதாமே என்று அதற்குப் பிறகும் பல வருடங்கள் ரயிலில் கேட்டிருக்கிறேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கம்பியை வெட்டச் சொன்னால், முதலில் அதன் மறுமுனைக்கு நடந்து போய்ப் பாருங்கள். அங்கே யாரும் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், காகிதத்தில் எழுதியிருந்தாலும் சரி. அப்படிப் போய்ப் பார்த்ததால் நான் எத்தனையோ வண்டிகளைத் தவறவிட்டேன். முதலாளியிடம் ஏச்சும் வாங்கினேன்.

அடுத்த வருடம் சுப்பையாவின் காகிதம் சரியாகி வந்தது. அட்டன் ஸ்டேஷனில் அவரை வழியனுப்பப் போயிருந்தேன். என்மேல் கோபம் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

“கோவமெல்லாம் இல்லைங்க,” என்றார். “என்னைய பேயின்னு பேசிக்கிட்டாலும் மனுசக் குரல் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நீங்க வெட்டுனப்புறம் அதுவும் நின்னு போச்சுங்க. அப்பதான், நான் நெசமாவே செத்துட்டேனோன்னு எனக்கே தோணிப்போச்சு.”